பசி இல்லாத உடல்கள்: ஸ்போர் விளையாட்டும் காரைக்கால் பேயும்

வேற்றுக்கிரக உயிர் ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம் என்று ஒரு வீடியோ கேம் சொன்னால், நம்மில் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது கண்ணில்தான். ரெண்டுக்குப் பதில் ஆறு. அப்புறம் ஒரு வால், முதுகில் முள், ஊதா நிறம். பத்து நிமிஷத்தில் ஒரு ஜந்து தயார். பார்க்க வேடிக்கையாகவும் இருக்கும். ஆனால் மறுநாள் அதை ஞாபகப்படுத்திப் பார்த்தால் ஊதா நிறம் மட்டும்தான் மிஞ்சுகிறது. இது ஏன் என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேச எடுத்துக்கொண்டது ஸ்போர் என்கிற விளையாட்டு. பக்கத்தில் வைத்துப் பார்க்க எடுத்துக்கொண்டது எங்கள் ஊர்ப் பேய்.

எங்கள் ஊர் காரைக்கால். அதனால் பேய் யாரென்று பாதிப் பேர் ஊகித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், முதலில் விளையாட்டு.

ஸ்போர் 2008 செப்டம்பரில் வந்தது. சிம்சிட்டி, தி சிம்ஸ் இரண்டையும் தந்த வில் ரைட்டின் யோசனை. உருவாக்கியது மேக்ஸிஸ், வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். ஒற்றைச் செல்லில் தொடங்கி விலங்கு, பழங்குடி, நாகரிகம், விண்வெளி என்று ஐந்து கட்டங்கள். உயிர்களைச் செய்யும் பகுதியை மட்டும் அந்த ஆண்டு ஜூனிலேயே தனியாக வெளியிட்டுவிட்டார்கள். சனங்கள் அதில் விழுந்து விழுந்து ஜந்துகளைச் செய்தார்கள். முதுகெலும்பைக் களிமண் மாதிரி இழுத்து வளைக்கலாம். ஐந்து கால் வைத்தாலும் நடக்கும், ஒற்றைக் கால் வைத்தாலும் ஏதோ ஒரு விதமாகத் தத்தித் தத்திப் போகும். என்ன உடல் வரப்போகிறது என்றே தெரியாமல், வருகிற எந்த உடலையும் நடக்கவும் ஆடவும் கடிக்கவும் வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இன்றைக்கும் அந்தப் பகுதியைத் திறந்தால் எனக்கு ஆச்சரியம் போகவில்லை.

கோளாறு எங்கே என்றால், உடலைச் செய்து முடித்து உலகத்துக்குள் இறங்கும்போது. விலங்குக் கட்டத்தில் உங்கள் ஜந்துவின் வேகம் எத்தனை கால், எவ்வளவு நீளம் என்பதில் இல்லை. எந்த ரகப் பாதத்தை ஒட்டினீர்கள் என்பதில்தான் இருக்கு. கடிக்கிற பலம் எந்த வாயைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதில். அந்த வாய் தலையில் இருக்கலாம், வயிற்றில் இருக்கலாம், அதைப் பற்றி உலகத்துக்கு அக்கறை இல்லை. கண்ணை முழங்காலில் ஒட்டினாலும் அதே பார்வை. பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம், கொடுத்த புள்ளி திரும்பி வந்துவிடும். அதாவது உடல் ஒரு சட்டை. மாட்டலாம், கழற்றலாம், உள்ளே ஆள் மாறுவதில்லை.

இதே விளையாட்டின் முதல் கட்டம் இப்படி இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். செல் கட்டத்தில் முள்ளை எங்கே ஒட்டுகிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை. முன்னால் ஒட்டினால் எதிரே வருகிறவனைக் குத்தலாம். பின்னால் ஒட்டினால் துரத்துகிறவனிடம் தப்பலாம். ரெண்டும் வேண்டும் என்றால் வேறு எதையாவது விட்டாக வேண்டும். வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பித்தான் சாப்பிட முடியும். கிட்டத்தட்ட அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் ஒரு சின்னப் பகுதி. ஆனால் அங்கே உடலுக்கும் உலகத்துக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. கரை ஏறியதும் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. செய்தவர்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் நம்பவில்லை. எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற சுதந்திரத்தைக் கொடுக்க, எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்று ஆக்கிவிட்டார்கள்.

விளையாட்டு வந்த புதிதில் விஞ்ஞானிகள் பக்கமிருந்தும் குறை கிளம்பியது. சயன்ஸ் இதழில் ஜான் போஹனன் உயிரியலாளர்களோடு சேர்ந்து ஸ்போரை ஆராய்ந்து, பரிணாம அறிவியலில் அதற்குத் தோல்வி மதிப்பெண்ணே போட்டார். நியாயமான குறைதான். ஆனால் என் குறை அது இல்லை. அறிவியல்படி சரியாக இல்லாவிட்டாலும் ஒரு கற்பனை உயிர் மனசில் நிற்கும். நான் பேசப்போகிற பேய்க்கு எந்த உயிரியலும் கிடையாது. இருந்தும் பதினான்கு, பதினைந்து நூற்றாண்டாக நிற்கிறது.

இன்னொரு விஷயம், கடற்கரைக்காரனாக எனக்கு உறுத்துவது. விலங்குக் கட்டத்தில் கடலில் கொஞ்ச தூரம் நீந்திப் போனீர்கள் என்றால் ஒரு ராட்சத ஜந்து வந்து விழுங்கிவிடும். நீர்வாழ் கட்டம் ஒன்று திட்டத்தில் இருந்து, பிறகு கைவிடப்பட்டது. அதனால் கரை என்பது அந்த உலகத்தின் வேலி. அரசலாறு கடலில் சேரும் இடத்தை ஒருதரமாவது பார்த்தவர்கள் கரையை வேலி என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீர் வற்றியதும் சேற்றுப் பொந்துகளிலிருந்து சின்னச் சின்ன நண்டுகள் வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவுக்குப் பெரிசு. அந்தக் கையால் சாப்பிட முடியாது. பெண்ணைக் கூப்பிடவும் இன்னொரு ஆணோடு மல்லுக்கட்டவும்தான் அது. பெண்ணுக்கு ரெண்டும் சின்னக் கை, ரெண்டாலும் சேற்றை அள்ளித் தின்னும்; ஆண் ஒற்றைக் கையால் தின்றாக வேண்டும். பெரிய கையின் விலையைத் தினமும் சாப்பாட்டில் கொடுக்கிறது. ஸ்போர் முதலில் வந்த வடிவத்தில் இந்த நண்டைச் செய்யவே முடியாது. ஒரு பக்கம் கையை ஒட்டினால் மறுபக்கமும் தானாக முளைக்கும். பின்னால் ஒரு திருத்தத்தில் அதைச் சரிசெய்தார்கள். ஆனால் கையைப் பெரிதாக்கியதற்காகச் சாப்பாட்டில் குறைகிற அந்த விலையை எந்தத் திருத்தமும் கொண்டுவரவில்லை.

சரி, பேய்க்கு வருவோம்.

காரைக்கால் அம்மையாரை 6ஆம் நூற்றாண்டு வாக்கில் வைக்கிறார்கள். புனிதவதி என்கிற வணிகர் வீட்டுப் பெண். மாம்பழக் கதையை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்கிறார். ஆனி மாதப் பௌர்ணமியில் இங்கே மாங்கனித் திருவிழா. மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள், கீழே கூட்டம் பிடித்துக்கொள்ளும். அந்தக் கதை ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் எழுதிய பாட்டுகள் அந்த அளவுக்குத் தெரியாது. அதிலும் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் கூச்சத்தோடு கொஞ்சம் ஓரமாக வைக்கப்படுகிற பாட்டு. ஏனென்றால் அது முழுக்கச் சுடுகாடு.

பக்தியைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு உயிரை வடிவமைக்கிறவர் கண்ணோடு அதைப் படித்துப் பாருங்கள். தொடக்கத்திலேயே ஒரு பெண் பேயின் உடலை வரிசையாகச் சொல்லிவிடுகிறார். வற்றிப்போன மார்பு. மேலே எழும்பிய நரம்பு. குழி விழுந்த கண். வெள்ளைப் பல். ஒட்டிய வயிறு. செம்பட்டை முடி. நீண்ட இரண்டு பற்கள். புடைத்த கணுக்கால் எலும்பு, நெடிய கால். இதில் மூன்றாவது கண் இல்லை, கொம்பு இல்லை, ஆறு கை இல்லை. ஒரு உறுப்புகூட எண்ணிக்கையில் கூடவில்லை. மனுஷ உடம்பிலிருந்து சாப்பாட்டைக் கழித்தால் என்ன மிஞ்சுமோ அதுதான் மொத்தமும். சதை போனதால் நரம்பு தெரிகிறது, கணுக்கால் புடைக்கிறது. எண்ணெய் காணாத முடி வெயிலில் செம்பட்டை ஆகிறது. நீண்டிருக்கிற பல்லைக்கூட, ஈறு வற்றியதால் நீண்டு தெரிகிற பல்லாக நான் படிக்கிறேன். உரையாசிரியர்கள் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. ஸ்போர் கூட்டிக்கொண்டே போய் அந்நியத்தை உண்டாக்கப் பார்க்கிறது. அம்மையார் கழித்துக்கொண்டே போகிறார். எது அந்நியமாக இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உடலோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. அடுத்த பாட்டில் பேய் ஒன்று கள்ளிக் கிளைகளுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, எரிந்த கொள்ளியை எடுத்து மசித்து, அந்தக் கரியையே மையாகக் கண்ணில் தீட்டிக்கொள்கிறது. துள்ளுகிறது. பிணத்தீ சுட்டுவிடுகிறது. கோபம் வந்து புழுதியை அள்ளிப் போட்டு அந்தத் தீயை அணைக்கப் பார்க்கிறது. அங்கே என்ன கிடைக்கும்? கள்ளி, கொள்ளி, புழுதி, தீ. அழகு பண்ணிக்கொள்வதும் அதை வைத்துத்தான், கோபப்படுவதும் அதை வைத்துத்தான். சுடுகாட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பொருள்கூட வரவில்லை. இந்தப் பேயைத் தூக்கி வயல்வெளியில் வைத்தால் அதற்குச் செய்ய ஒன்றுமே இருக்காது.

அதைவிட என்னை ஆட்டியது இன்னொரு இடம். ஒரு தாய்ப்பேய் கொழுப்பை விழுங்கிவிட்டு, மண்டை ஓட்டு மாலையைப் போட்டுக்கொண்டு, தன் பிள்ளைக்குக் காளி என்று பேர் வைத்து வளர்க்கிறது. உடம்பில் ஒட்டிய புழுதியைத் துடைத்துப் பால் கொடுத்துவிட்டுப் போகிறது. போன தாய் திரும்பக் காணோம் என்று பிள்ளை அழுது அழுது தூங்கிப்போகிறது. முன்னே சொன்ன அந்த வற்றிய மார்பை இங்கே ஞாபகம் வைத்துக்கொண்டு படியுங்கள். தாய் எதற்குப் போனாள் என்று பாட்டு சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். இனி ஸ்போருக்கு வாருங்கள். அங்கேயும் ஜந்துகள் இணை சேரும், முட்டை இடும். எதற்கு? உடலை மாற்றும் திரையைத் திறப்பதற்கு. பிள்ளை என்பது அங்கே ஒரு பொத்தான்.

மாற்றும் விஷயத்தில் இன்னொன்று. பெரிய புராணத்தில் புனிதவதி, கணவனுக்காகத் தாங்கி நின்ற இந்தச் சதை இனி வேண்டாம் என்று கேட்டு உதறி, பேய் உருவம் பெறுகிறார். ஒரு உடலைத் தானே மாற்றிக்கொண்ட கதை. ஆனால் கழற்றியதைத் திரும்ப ஒட்டிக்கொள்ளும் வசதி அங்கே இல்லை. பிறகு கயிலைக்குப் போகும்போது அந்த மலையில் கால் படக்கூடாது என்று தலையால் நடந்து போகிறார். ஸ்போரின் எந்த ஜந்துவும் எப்படி வேண்டுமானாலும் நடக்கும் என்று மேலே மெச்சினேன். ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் கால வெண்கல அம்மையார் சும்மா உட்கார்ந்துதான் இருக்கிறார், கையில் தாளம். விலா எலும்புகளை எண்ணலாம். நடக்காமலேயே அந்த உடல் கதை சொல்கிறது.

இது ஒரு தனி ஆளின் மேதைமை மட்டும் இல்லை என்பதற்குக் கலிங்கத்துப்பரணியைச் சொல்ல வேண்டும். செயங்கொண்டார் பேய்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்குகிறார். அங்கே நிறைய மிகை உண்டு, பனங்காட்டு அளவு கை கால்கள் எல்லாம் வரும். ஆனால் குறை உள்ள பேய்களைச் சொல்லும்போது ஒவ்வொரு குறையும் முன்னே நடந்த ஏதோ ஒன்றிலிருந்து வந்தது. ஒரு பேய்க்குக் கண் போனது பழைய போர்க்களத்தில் கொதித்த கூழ் தெறித்ததால். உடம்பைப் பார்த்தால் அதன் வரலாறு தெரிகிறது. அப்புறம் மொத்தக் கூட்டமும் பசி என்று காளியிடம் முறையிடுகிறது; போர் வருகிறது; களத்தில் கூழ் அடுகிறார்கள். பேய்களின் பசிதான் அந்த நூலை நடத்திக்கொண்டு போகிறது. எனக்குச் செயங்கொண்டாரைவிட அம்மையாரின் பேய்தான் பிடிக்கும், அதில் சிரிப்பு குறைவு, ஆனால் அது வேற பேச்சு.

கிரகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்போரின் விண்வெளிக் கட்டத்தில் வெறும் பாறையை உயிர் வாழும் கிரகமாக்கலாம். வெப்பத்தையும் காற்றையும் சரிசெய்து, ஒரு நிலைக்குச் சின்னச் செடி, நடுத்தரச் செடி, பெரிய மரம் என்று மூன்று தாவரம், தாவரம் தின்பவை இரண்டு, இறைச்சி தின்பது ஒன்று என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். அப்படி மூன்று நிலை. எந்தச் செடி, எந்த விலங்கு என்பது முக்கியமில்லை. பிரபஞ்சத்தின் எந்த மூலையிலிருந்து பிடித்து வந்தாலும் கட்டத்தில் உட்கார்ந்துவிடும். முடிவில் எல்லாக் கிரகமும் ஒரே பச்சை, ஒரே நீலம்.

பொருளதிகாரத்தில் கருப்பொருள் என்று ஒரு பட்டியல் வருமே, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று. அதுவும் கட்டங்கள்தான். ஆனால் நிலத்தைச் சொன்ன பிறகுதான் கட்டங்கள் நிரம்பும். நெய்தல் என்று எழுதினால் உப்பும் மீனும் சுறாவும் தானாக வரும், வயல் எருமையைத் தூக்கி அங்கே வைத்தால் ஏன் என்று ஒரு காரணம் சொல்ல வேண்டும். இதைச் சொன்னதும் "அப்பவே தொல்காப்பியர் கேம் டிசைன் பண்ணிட்டாரு" என்று வாட்ஸாப்பில் அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. அவர் செய்தது கவிதைக்கான இலக்கணம். உயிருக்கு முன்னால் நிலம் என்கிற வரிசையை மட்டும்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நோ மேன்ஸ் ஸ்கை 2016இல் வந்தபோது எண்ணிக்கையில் எல்லாரையும் வாயடைக்க வைத்தது. 18,446,744,073,709,551,616 கிரகங்கள், அதாவது 2இன் 64ஆம் அடுக்கு. ஒவ்வொன்றிலும் விதவிதமான ஜந்துகள், கண்டுபிடித்தவர் பேர் வைக்கலாம். நாலாவது நாளே எனக்கு அலுத்துவிட்டது. அதே கழுத்து, அதே குதிப்பு, வேறு தோல். ஸ்போரில் கிரகங்களை உருவாக்கும் வேலை பார்த்த கேட் காம்ப்டன் இதற்கு ஒரு நல்ல உவமை சொல்லியிருக்கிறார். பத்தாயிரம் கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி வைக்கலாம், கணக்குப்படி எந்த இரண்டு கிண்ணமும் ஒன்றில்லை, ஆனால் சாப்பிடுகிறவனுக்கு எல்லாம் கஞ்சிதான்.

என் அக்கா மகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு படிக்கிறாள், ஸ்போரில் ஏற்கனவே முப்பது நாற்பது ஜந்து செய்து வைத்திருந்தாள், எல்லாமே இறக்கை வைத்தவை. ஒரு நிபந்தனை போட்டேன். உடம்பை அப்புறம் செய், முதலில் அந்தக் கிரகத்தில் என்ன கிடைக்காது என்று ஒரு தாளில் எழுது. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு எழுதினாள்: "தண்ணி வருஷத்துல ஒருதரம்தான் வரும். அதுவும் லேட்டா வரும்." கடைமடைப் பிள்ளை, வேறென்ன எழுதும். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம் இது. அப்புறம் அவளே கேட்டாள், "மாமா, தண்ணி வர வரைக்கும் இது என்ன பண்ணும்?" குளம் வற்றினால் விரால் மீன் சேற்றுக்குள் புதைந்து கிடக்குமே என்றேன். இறக்கை போய்விட்டது. கண் சின்னதானது. தோல் தடித்தது. மண்ணைத் தோண்ட முகம் கூரானது. எல்லாம் காகிதத்தில், பென்சிலில்.

அந்தப் படத்தை ஸ்போரில் செய்தபோது வடிவம் அச்சு அசலாக வந்தது. புதைந்து கிடக்க வைக்க வழியில்லை. தண்ணீர் தாமதமாக வர வைக்கவும் வழியில்லை. மற்ற ஜந்துகளோடு சேர்ந்து அதுவும் புதரில் பழம் பறித்துத் தின்றுகொண்டிருந்தது. "இதுக்கு எதுக்கு இந்த மூஞ்சி?" என்றாள். நான் இந்தக் கட்டுரை முழுக்கக் கேட்பதும் அந்தக் கேள்வியைத்தான்.

சும்மா விளையாட்டுதானே, பிள்ளைகள் ஜாலியாகச் செய்துவிட்டுப் போகட்டும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஜாலிக்கு நான் எதிரி இல்லை. யாளியையும் நம் ஆட்கள் சிங்க உடம்பு, யானைத் துதிக்கை என்று ஒட்டிச் செய்ததுதான், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் யாளிக்கு மண்டபத்துத் தூணில் ஒரு வேலை இருக்கு, அந்த நிமிர்வும் பிளந்த வாயும் கல்லின் கனத்தோடு சேர்ந்து வருகிறது. அதுபோக, பிள்ளைகள் இன்று முதன்முதலாக வேற்று உயிரைக் கற்பனை செய்வது இந்த மாதிரிக் கருவிகளில்தான். எப்படி இருக்கும் என்று மட்டுமே கேட்கிற கருவி, என்ன தின்னும், எதற்குப் பயப்படும், பிள்ளையை எங்கே விட்டுப் போகும் என்பதைக் கேட்கத் தேவையில்லை என்றும் சேர்த்துத்தான் பழக்குகிறது.

கேட்கிற கருவி செய்ய முடியாது என்றும் இல்லை. ஸ்போரில் ஏமாந்த ரசிகர்கள் சிலர் சேர்ந்து த்ரைவ் என்கிற திறந்த மூல விளையாட்டைப் பல வருஷமாக உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். மெதுவாகத்தான் நகர்கிறது, நான் பார்த்தவரை பெரும்பாலும் செல் கட்டத்தில்தான் நிற்கிறது. ஆனால் அங்கே செல்லுக்குள் ஒரு உறுப்பை வைத்தால் அது எதையாவது தின்னும். வெளிச்சம் எட்டாத ஆழத்தில் ஒளியை நம்பும் செல் பட்டினி கிடக்கும், கந்தகத்தையோ இரும்பையோ நம்பும் செல் பிழைக்கும். சுற்றியுள்ள மற்ற இனங்களும் பின்னணிக் கணக்கில் பெருகும், அழியும். முதல் மூன்று தடவையும் என் இனம் பூண்டோடு போய்விட்டது, பசியில். நாலாவது இனம் இப்போதைக்குத் தாக்குப்பிடிக்கிறது. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை, சப்பையாக ஒரு பை மாதிரி இருக்கு. அடுத்த குறிப்பில் அதன் படத்தைப் போடுகிறேன்.